சூரியத் தணிப்பியை எந்த முனையில் பொருத்துவது

தேநீர் நன்றாக இருக்கிறது, சபாரத்தினம் அண்ணை. சீனி மட்டும் சற்றுக் கூடிவிட்டது, பரவாயில்லை, குடிக்கலாம். ஒலிப்பதிவுப் பெட்டி ஓடுகிறதல்லவா? நல்லது. பதிவாகிற பேச்சு என்றபடியால் நான் எழுத்துத் தமிழிலேயே பேசிவிடுகிறேன். அப்படிப் பேசினால் தட்டச்சில் அடிப்பவர் தன் விருப்பத்துக்குத் திருத்த இடமிருக்காது.

ஓகஸ்ற் மாதத்துச் சூரிய கிரகணத்தன்று எங்கள் மோர்டன் தமிழ் வானியல் மன்றத்தின் விழாவில் நடந்த விபத்தைப் பற்றி நீங்கள் தயாரித்திருக்கும் வரைவறிக்கையை வாசித்தேன். கொழும்பில் நீதிமன்றப் பதிவாளராக இருந்தவர் எழுதியது என்று எவரும் சொல்லிவிடுவார்கள். ஒரு கண் போன விஷயத்தை இவ்வளவு மரியாதையாக எழுத எல்லோராலும் முடியாது. அதில் ஒரேயொரு சொல் மட்டும் பிழை. அதைத் திருத்திக்கொண்டு போகத்தான் வந்தேன்.

சொல்லுக்கு வருமுன் சில விஷயங்களைப் பதிந்துகொள்வது நல்லது.

மன்றத்தின் தலைவர் கிறிஸ்துராஜாவை உங்களுக்குத் தெரியும். கணக்காளர். வீடு கிங்ஸ்பரியில். லண்டனின் அந்த மூலையில் இருப்பவர் இந்த மூலையில் உள்ள மன்றத்துக்கு எப்படித் தலைவரானார் என்று சிலர் கேட்பதுண்டு. கிங்ஸ்பரியில் இருந்த மன்றங்களுக்கெல்லாம் ஏற்கெனவே தலைவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். வானியலில் அவருக்கு ஆர்வம் இல்லையென்று சொல்லமாட்டேன். வியாழனும் வெள்ளியும் கிழமைகளின் பெயர் மட்டுமல்ல என்பதை ஒரு பொதுக்கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கண்டுபிடித்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

நான் செயலாளர். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவன். இங்கே தபாற்கந்தோரில் கடிதம் பிரிக்கிறேன். பொருளாளர் கஸ்பர், பெற்றோல் நிலையத்தில் ஷிப்ற் செய்பவர். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இராது.

வசந்தகாலத்தில் கிறிஸ்துராஜா தமது தகப்பனாரின் நினைவாக மன்றத்துக்கு ஒரு தொலைநோக்கியை அன்பளிப்புச் செய்தார். வில்லை வைத்த நீளக் குழாய், மரத்தில் முக்காலி, எல்லாம் பழையது, ஆனால் தரமானது. தகப்பனாரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு மட்டும் புதியது. கிரகணத்தன்று அதைத் திறந்துவைப்பதென்று தீர்மானமாயிற்று. திறந்துவைப்பவர் தலைவர். பிரதம விருந்தினர் யார் என்று கஸ்பர் கேட்டார். தம்மையே கேட்டதாகவும், தாம் சம்மதித்துவிட்டதாகவும் தலைவர் சொன்னார்.

சூரியனைத் தொலைநோக்கியால் பார்ப்பதென்றால் ஒளியைக் குறைக்க ஒரு சாதனம் வேண்டும். பில்ற்றர் என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடிச் செயற்குழு மூன்று தடவை கூடியது. பாதுகாப்பானது எது என்று தேட ஒரு தடவை கூடியது.

"வடிகட்டி எண்டு போடுவம்," என்றார் தலைவர்.

"அது தேத்தண்ணி வடிக்கிற சாமானெல்லே," என்றார் கஸ்பர். "அதுக்குப் பன்னாடை எண்டே போடலாம். கள்ளு வடிச்ச சொல்லு. கலப்பில்லாத தமிழ்."

"நீர் இப்ப ஆரைப் பன்னாடை எண்டுறீர்?"

"அண்ணை, நான் சொல்லைத்தான் சொன்னன். ஆளைச் சொல்லேல்லை."

கடைசியில் நான் முன்வைத்த 'சூரியத் தணிப்பி' ஏற்றுக்கொள்ளப்பட்டது. அழைப்பிதழில் 'தலைவர் அவர்கள் ஆக்கிய அருஞ்சொல்' என்ற அடிக்குறிப்போடு அச்சாயிற்று. என் பெயரும் அழைப்பிதழில் இருந்தது. கடைசி வரியில், 'ஒலிபெருக்கி, சிற்றுண்டி, தொழில்நுட்பம்' என்பதற்கு எதிரே. இதை நான் மனக்குறையாகச் சொல்லவில்லை. பதிவுக்காகச் சொல்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றிய கூட்டத்துக்குக் கஸ்பர் தன் நெஞ்சு எக்ஸ்றேயைக் கொண்டுவந்தார். லண்டனுக்கு வந்த புதிதில் எடுத்தது. "இதுக்குள்ளால பாத்தா சூரியனும் தெரியும், எனக்குச் சயரோகம் இல்லை எண்டதும் தெரியும்," என்றார். நான் பொறுமையாக விளக்கினேன். எக்ஸ்றே படம், கறுப்புக் கண்ணாடி, புகை பிடித்த கண்ணாடி எதுவும் உதவாது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை அவை குறைக்கும்; தெரியாத கதிர்கள் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கண்ணின் பின்னால் உள்ள விழித்திரைக்கு நோவு தெரியாது. எரிகிறபோது அது எரிகிறது என்று சொல்லாது.

ஆகவே இரண்டு வழிகள்தான் மிஞ்சின.

முதலாவது, குழாயின் முன்முனையில், சூரியனைப் பார்த்திருக்கிற பெரிய வில்லைக்கு மேலே மூடி போலப் பொருத்துவது. உலோகப் பூச்சுள்ள மெல்லிய தாள். அதற்கென்றே செய்து விற்கிறார்கள். சூரியன் குழாய்க்குள் நுழையுமுன்பே அநேகமாக முழுவதையும் அது திருப்பி அனுப்பிவிடும். நான் ஒன்றை வாங்கி, மட்டையில் இறுக்கமான வளையம் செய்து ஒட்டி, விளக்குக்கு எதிரே பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பிஸ்கற் ரின்னில் பத்திரப்படுத்தியிருந்தேன்.

இரண்டாவது, தொலைநோக்கியின் பெட்டிக்குள்ளேயே வந்தது. பெருவிரல் நகத்தளவு கறுப்புக் கண்ணாடி. குழாயின் பின்முனையில் கண் வைத்துப் பார்க்கிற சிறு பாகத்தை எங்கள் பாடப்புத்தகத்தில் பார்வைத்துண்டு என்போம். அதற்குள் இதைத் திருகிவிடவேண்டும். இதில் சங்கடம் ஒன்றே ஒன்றுதான். முன்னால் இருக்கிற பெரிய வில்லை அள்ளுகிற வெயில் முழுவதும் வந்து குவிவது இந்த நகத்தளவுக் கண்ணாடியில். பூதக்கண்ணாடியால் கடதாசி எரித்தவர்களுக்கு நான் மேலே சொல்லத் தேவையில்லை. கண்ணாடி சூடேறும். சூடேறினால் வெடிக்கும். வெடித்த கணத்தில் அவ்வளவு வெயிலும் பார்ப்பவரின் கண்ணுக்குள் இறங்கும். முன்முனையில் பொருத்துவது மழையில் இறங்குமுன் குடை விரிப்பது, பின்முனையில் பொருத்துவது நனைந்து வந்து வீட்டுக்குள் விரிப்பது என்று உவமையும் சொன்னேன்.

தலைவர் என் பிஸ்கற் ரின்னைத் திறந்து பார்த்தார்.

"மாஸ்ரர், இது கிறிஸ்ப்ஸ் பைக்கற்றெல்லே."

"பாக்க அப்பிடித்தான் இருக்கும். ஆனா உதுதான் பாதுகாப்பு."

"அப்ப நாடாவை எங்க கட்டுறது? குழாயின்ர வாயிலதான் நாடா. நான் கத்தரிக்கோலை வைக்கேக்க பின்னால கிறிஸ்ப்ஸ் பைக்கற் மினுங்கினா வீடியோவில வடிவாயிருக்குமே?"

"நாடா வெட்டினாப் பிறகு போடலாம்தானே," என்றார் கஸ்பர்.

"வெட்டின கையோட பேச்சு. பேச்சு முடிஞ்ச கையோட முதல் பார்வை. நடுவில ஆரும் வந்து நோண்டக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "உந்தக் கறுப்புக் கண்ணாடி சாமானோட வந்தது, மாஸ்ரர். செய்தவனுக்குத் தெரியாததே உங்களுக்குத் தெரியும்? நீங்கள் படிப்பிச்சது எந்தக் காலத்துப் பௌதிகம்?"

எல்லோரும் சிரித்தார்கள். கஸ்பரும் சிரித்தார். நான்கூடச் சிரித்ததாக நினைவு. பாதுகாப்பான சூரியத் தணிப்பியைத் தெரிவு செய்யும் பணி, நாடாவின் வசதி கருதி, அத்துடன் இனிதே நிறைவேறியது.

இந்த இடத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அழைப்பிதழை நான் மன்னித்துவிட்டேன். அடிக்குறிப்பை மன்னித்துவிட்டேன். அவர் என்னை ஒன்றும் தெரியாதவன் என்றார்.

விழாவன்று தேவாலய மண்டபத்தின் பின்பக்கப் புல்தரையில் நல்ல கூட்டம். வேலைநாள், லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். மேகம் வருவதும் போவதுமாக இருந்து, நாங்கள் தொடங்க வெளித்துவிட்டது. சந்திரன் சூரியனின் ஓரத்தைக் கடிக்கத் தொடங்கியிருந்தது. மண்டபத்துக் குசினியில் மெற்றில்டா ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். மெற்றில்டா என் மனைவி என்பது உங்களுக்குத் தெரியும். ஒலிநாடாவைக் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். அவளுடைய ரோல்ஸைப் பற்றி டூட்டிங் வரைக்கும் பேச்சு இருக்கிறது. உங்கள் அறிக்கையில் அதற்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

நாடா வெட்டப்பட்டது. தலைவர் குழாயின் மூடியைக் கழற்றி உயர்த்திக் காட்டினார். கைதட்டினார்கள். அவர் ஒலிவாங்கிக்குப் போக, நான் தொலைநோக்கியின் பக்கத்தில் நின்றேன். பின்முனையில் கறுப்புக் கண்ணாடி திருகியிருந்தது. திருகியவர் கஸ்பர் என்று அறிக்கை சொல்கிறது. உண்மைதான், நான் சொல்லித் திருகினார். பிஸ்கற் ரின் என் காரின் பின்பெட்டியில் இருந்தது.

பேச்சு வழமை போல அமைந்தது. அண்டம் எவ்வளவு பெரியது என்பதில் தொடங்கி, அதில் தமது தகப்பனாரின் இடம் எது என்பதற்கு வந்தார். பிறகு முடிக்கப்போகிற குறி தெரிந்தது. வெயில் காரணமாக இருக்கலாம். அப்போதுதான் கஸ்பரிடம் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

எங்கள் கூட்டங்களில் துண்டு எதற்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். பேச்சாளர் நீட்டினால் 'தயவுசெய்து சுருக்கவும்' என்று போகும். கஸ்பர் அப்படித்தான் நினைத்துக் கொண்டுபோனதாக உங்களிடம் சொல்லியிருக்கிறார். பேச்சாளர் துண்டை மதிக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது தலைவருக்குச் செய்கிற அநியாயம். அவர் மதித்தார். நான் எழுதியது, 'சபை உருகி நிற்கிறது. இன்னும் பேசவும்.'

தலைவர் ஒருவரை இன்னும் பேசச் சொல்வது குற்றம் என்றால் லண்டனில் பாதிப்பேரை உள்ளே போடவேண்டும்.

இன்னொன்று. பூமி சுற்றுகிறபடியால் சூரியன் குழாயின் பார்வையில் தங்கி நிற்காது. சும்மா விட்டால் கொஞ்ச நேரத்தில் ஒதுங்கிப் போய்விடும், கண்ணாடியும் ஆறிவிடும். இந்தத் தொலைநோக்கி தானாகத் திரும்புகிற வகை அல்ல. பக்கத்தில் உள்ள திருகை யாராவது மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். கண் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. குழாயின் நிழல் நிலத்தில் ஒடுங்கி வட்டமாக விழுந்தால் சூரியன் நடுவில் நிற்கிறது என்று அர்த்தம். பேச்சு முடியும்வரை ஒருவர் நிழலைப் பார்த்துப் பார்த்துத் திருப்பிக்கொண்டிருந்தார். வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு நீங்கள் 'செயலாளரின் அர்ப்பணிப்பு' என்று குறித்திருக்கிறீர்கள். நன்றி.

தலைவரிடம் தகப்பனாரைப் பற்றிச் சொல்ல இருந்தது தீர்ந்துபோயிற்று. அதை நான் முன்கூட்டியே யோசித்திருக்கவேண்டும். அவர் கையில் இருந்த துண்டைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இண்டைக்கு ஒருத்தரைப் பற்றிச் சொல்லாமல் இறங்கினா நான் மனிசன் இல்லை," என்றார். "எங்கட யேசு மாஸ்ரர். இந்த மன்றத்தின்ர மூளை. அண்டைக்குக் கூட்டத்தில அவரைப் பகிடி பண்ணிப்போட்டன், பிழை. சூரியத் தணிப்பி எண்ட சொல்லும் அவற்ற சொல்லுத்தான், என்ர இல்லை. முதல் பார்வை எனக்கு வேண்டாம். மாஸ்ரருக்கு."

கைதட்டல் பலமாக இருந்தது. வருடக்கணக்காக எனக்கு வரவேண்டியிருந்த கௌரவம் முழுவதும் ஒரே மூச்சில் வந்து சேர்ந்தது. நேரம்தான் பொருந்தவில்லை.

"தலைவர் நிக்கேக்க நான் பாக்கிறதே. நீங்கள் பாருங்கோ," என்றேன்.

"இல்லை மாஸ்ரர், நீங்கள்."

"சபைக்கு அழகில்லை அண்ணை. நீங்கள்தான்."

"நான் சொல்லிப்போட்டன். நீங்கள்."

எங்கள் ஆட்கள் ஒரு வாசலில் நின்று 'நீங்கள் முதல் போங்கோ' என்று தொடங்கினால் பஸ் போய்விடும், உங்களுக்குத் தெரியாததல்ல. சபை என் அடக்கத்தை ரசித்தது. என் கை திருகில் இருந்தது. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப மிஸிஸ் பாக்கட்டும்," என்றார். "ஞாயிறு ஞாயிறா மாஸ்ரரை எங்களுக்கு விட்டுத் தந்த மனிசி. மெற்றில்டா அக்கா, இஞ்ச வாங்கோ."

ஒலிநாடா முடிந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்தை மாற்றுங்கள். அவசரமில்லை.

மெற்றில்டா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எனக்கென்னத்துக்கு இந்த மரியாதை, அடுப்பில எண்ணெய் கிடக்கு," என்று சிரித்தாள். "ரோல்ஸை நான் பாக்கிறன், நீங்கள் சூரியனைப் பாருங்கோ," என்றார் கஸ்பர். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கண்ணில் பார்வை குறைவு. ஊசியில் நூல் கோர்ப்பது, செபப்புத்தகம் வாசிப்பது எல்லாம் வலது கண்ணால்தான். இது எனக்குத் தெரியும் என்பதையும் பதிந்துகொள்ளுங்கள்.

என்ன செய்திருக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். திருகை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தால் சூரியன் விலகியிருக்கும். 'பொறு, கண்ணாடி சூடேறிவிட்டது' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், சூடேறும் என்று தெரிந்தவர் இவ்வளவு நேரமும் ஏன் பேசாமல் நின்றார் என்று யாராவது கேட்டிருப்பார்கள். சபை நடுவில், வீடியோ ஓடும்போது, அந்தக் கேள்விக்கு நல்ல விடை எதுவும் எனக்கு உடனே தோன்றவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மெற்றில்டா குனிந்தாள்.

நிழலைப் பார்த்தேன். சற்றுப் பிசகியிருந்தது. நடுவுக்குக் கொண்டுவந்தேன். கைப்பழக்கம்.

"வடிவாயிருக்கப்பா," என்றாள். "ஆரோ கடிச்ச பிஸ்கற் மாதிரி."

பிறகு விரலில் நெட்டி முறிப்பது போல ஒரு சத்தம். அவள் கத்தவில்லை. நிமிர்ந்து, "இஞ்சாருங்கோ, என்னவோ வெடிச்சது," என்று மட்டும் சொன்னாள். பிறகு குசினிக்குத் திரும்பிப் போகப் பார்த்தாள். வாசல் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

விழித்திரையின் நடுப்பகுதி எரிந்துவிட்டது, இனித் திரும்பாது என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். ஓரங்கள் தெரியும். "உங்கட காது தெரியுது, கொலர் தெரியுது, முகம் இருக்கிற இடத்தில ஒண்டும் இல்லை," என்கிறாள். கிறிஸ்துராஜா ஞாயிறு தவறாமல் பழம் வாங்கிக்கொண்டு வருகிறார். அந்தக் கண்ணாடியைப் போடச் சொன்னது தாம்தான், எல்லாம் தம்முடைய பிழை என்று அழுகிறார். நான் தேற்றி அனுப்புகிறேன்.

இனி அந்தச் சொல். உங்கள் அறிக்கையின் முடிவுரை: 'தொலைநோக்கியை இயக்கிய செயலாளர், பேச்சு நீளும்போது கண்ணாடி வெடிக்கும் என்பதை அறியாமல், நல்லெண்ணத்துடனேயே செயற்பட்டார்.'

அறியாமல்.

அண்ணை, கூட்டத்தில் என்னைப் பார்த்துச் சிரித்த பிறகு, அதே மாதிரிக் கறுப்புக் கண்ணாடி இன்னொன்றைப் பழைய சாமான் சந்தைகளில் தேடி வாங்கினேன். ஒத்திகை என்று சொல்லித் தொலைநோக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்வளவில் நிறுத்தி, யாரும் கண் வைக்காமல், நிழலைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு காத்திருந்தேன். தலைவரின் வழமையான பேச்சு ஒன்றில் முக்கால்வாசி போகிற நேரத்தில் அது வெடித்தது. விழாவில் கிரகணம் தொடங்கிவிட்டபடியால் வெயில் குறையும், ஆகவே கூட நேரம் எடுக்கும் என்றும் கணித்தேன். அதற்காகத்தான் துண்டு. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கண்ணாடி சரி, நேரம் சரி. ஆள் மட்டும் மாறிவிட்டது. அது பௌதிகத்துக்குள் வராது.

நீங்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டீர்கள். குடியுங்கள், ஆறிவிடும்.

எனக்கு எதிராக என்ன நடவடிக்கை என்பதை நீங்களும் பொலிஸும் தீர்மானித்துக்கொள்ளலாம்; அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ஒரு மனிதனால் எவ்வளவு பொறுக்கமுடியும். வீட்டுக்கு வருகிறவர்கள் என்னை ஒருமாதிரிப் பார்த்தால் மெற்றில்டாவே எனக்காகப் பரிந்து பேசுகிறாள். "அவரை ஒண்டும் சொல்லாதேங்கோ. உதுகளைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், பாவம்." எல்லோரும் தலையாட்டுகிறார்கள். கஸ்பரும் தலையாட்டுகிறார். இரண்டு மாதமாக என் சொந்த வீட்டில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுகமில்லாதவளை அதட்டவும் மனம் வரவில்லை.

ஆகவே 'அறியாமல்' என்பதை வெட்டிவிட்டு 'அறிந்தே' என்று போடுங்கள். 'நல்லெண்ணத்துடனேயே' இருக்கட்டும், அதில் பிழை இல்லை.

திருத்திய பிரதியைக் கெதியில் தந்தால் உதவியாக இருக்கும். அறிக்கையில் என்ன இருக்கிறது என்று மெற்றில்டா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளால் இனி வாசிக்க முடியாது. நான்தான் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டவேண்டும். அவளிடம் போய் ஒரு பிழையான சொல்லை வாசிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.